நம்மவர் தில்லியில் என்ன செய்கிறார்?

ஆறேழு வயதுக் குழந்தைக்குப் பாராளுமன்றத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்போர் உண்டு. எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும், வாய்ப்பாடு ஒப்பிக்கட்டும், தில்லி எங்கே ஓடிவிடப் போகிறது என்பது அவர்கள் வாதம். திருவொற்றியூரைச் சேர்ந்த விம்கோ நகரில், ஒரு தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தவள் நான். அந்த வாதம் எனக்கு உடன்பாடன்று. நாம் சொல்லாவிட்டாலும் குழந்தை இதைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. சுவரெழுத்தைப் பார்த்துக் கற்கிறது. தெருவில் வரும் ஒலிபெருக்கியைக் கேட்டுக் கற்கிறது. திண்ணையில் பெரியவர்கள் ஏசுவதைக் கேட்டுக் கற்கிறது.

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள், "எம்.பி. என்பவர் யார்?" என்று கேட்டேன். "போலீசுக்கெல்லாம் பெரியவர்" என்றான் ஒரு சிறுவன். "மந்திரிக்கு அடுத்தவர்" என்றாள் ஒரு சிறுமி. "தேர்தல் வந்தால் கும்பிடுவாரே, அவர்" என்றது கடைசி வரிசை. இந்த மூன்றாவது விடையைத் தவறு என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆயினும் மூன்று விடைகளிலும் ஒன்று குறைந்திருந்தது. அவரை அனுப்பியவர் யார் என்ற எண்ணமே எந்தக் குழந்தைக்கும் இல்லை.

பாடப் புத்தகம் இந்தக் குறையை எண்களால் நிரப்பப் பார்க்கிறது. 2024 தேர்தலில் மக்களவைக்கு 543 இடங்கள். அவற்றுள் தமிழ்நாட்டுக்கு 39. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். அவற்றுக்கு ஆள் அனுப்புவோர் சட்டமன்ற அங்கத்தினர்கள். மக்களவைக்கு நிற்க 25 வயது, மாநிலங்களவைக்கு 30. இவையெல்லாம் வேண்டுவனவே. பத்து வயதில் கற்றுக்கொள்ளலாம். எண்ணை முதலில் கொடுத்தால் குழந்தை அதை ஒப்பித்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு, "போலீசுக்கெல்லாம் பெரியவர்" என்ற பழைய கருத்தையே பத்திரமாக வைத்துக்கொள்கிறது.

நான் தொடங்கியது அண்ணாச்சி கடையிலிருந்து. அம்மா நூறு ரூபாய் கொடுத்து அரைக்கிலோ துவரம் பருப்பு வாங்கிவரச் சொல்கிறாள். பணம் யாருடையது? அம்மாவுடையது. கடைக்காரரிடம் பேசுவது யார்? நான். மீதிச் சில்லறை? அம்மாவிடம் கொடுக்க வேண்டும். பருப்பு இல்லையென்று கடைக்காரர் சொன்னால்? வந்து சொல்ல வேண்டும். இவ்வளவும் ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரியும். ஒருவருக்காக இன்னொருவர் போவதையும், போனவர் திரும்பிவந்து கணக்குச் சொல்வதையும் அது நாள்தோறும் செய்து வருகிறது. பிரதிநிதி என்ற வடசொல்லை நான் கரும்பலகையில் எழுதியது அதற்குப் பின்புதான்.

அங்கேயே ஒரு சிக்கலும் முளைத்தது. துவரம் பருப்பு இல்லை, பாசிப் பருப்புத்தான் இருக்கிறது என்றால் வாங்கி வரலாமா, வெறுங்கையோடு திரும்ப வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிளந்தது. "அம்மா சொன்னதைத்தான் வாங்க வேண்டும்" என்றது ஒரு பக்கம். "ராத்திரிக்குக் குழம்பு வேண்டாமா? அம்மா அங்கே இருந்தால் பாசிப் பருப்பைத்தான் வாங்கியிருப்பாள்" என்றது மறுபக்கம். 1774 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், நம் ஊரைப் போலவே துறைமுகத்தை நம்பி வாழ்ந்த பிரிஸ்டல் நகரில், எட்மண்டு பர்க் என்பவர் தம் வாக்காளர்களிடம் இதே வழக்கைத்தான் பேசினார். உங்கள் விருப்பத்துக்கு நான் பெரு மதிப்பளிப்பேன். ஆனால் என் அறிவையும் உங்களுக்காகச் செலவிடக் கடமைப்பட்டவன் என்பது அவர் பேச்சின் சாரம். பின்னர் அயர்லாந்தின் வாணிகம் பற்றி அந்நகர் வணிகர்களின் விருப்பத்துக்கு மாறாக நின்றார். 1780 இல் பிரிஸ்டல் தொகுதியைக் கைவிட்டு விலகும்படி நேர்ந்தது. பாசிப் பருப்பு வாங்கி வந்தவரை அம்மா மறுமுறை கடைக்கு அனுப்பவில்லை என்று குழந்தைகளிடம் சொன்னேன். "பாவம்" என்றனர் சிலர். "சரிதான்" என்றனர் சிலர். தீர்ப்பு ஒன்றும் நான் சொல்லவில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பெரியவர்களே தீர்க்காத வழக்கு இது.

நம் பள்ளிகளில் மற்றொரு தடை இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வகுப்புக்கு வகுப்பு 'லீடர்' என்று ஒருவரை வைக்கிறோம். ஆசிரியர் வெளியே சென்றால் எழுந்து நின்று, பேசுகிறவர் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவது அவர் தொழில். அவரை அமர்த்துபவர் ஆசிரியர்; அவர் பதில் சொல்வதும் ஆசிரியருக்கே. ஆக, குழந்தை தன் வாழ்வில் சந்திக்கும் முதல் தலைவர் மேலிடத்தின் கண்ணாகவும் காதாகவும் இருப்பவர். தங்கள் சொல்லை மேலிடத்துக்கு எடுத்துச் செல்லும் தலைவரை அது கண்டதே இல்லை. இந்த அனுபவத்தோடு ஐந்தாண்டு கழித்தபின் பாராளுமன்ற அங்கத்தினரைப் பற்றிப் பாடம் நடத்தினால், அவரையும் தில்லியின் லீடராகவே அது எண்ணிக்கொள்ளும்.

ஆகவே, "லீடர் இருக்கட்டும்; உங்கள் ஆளாக ஒருவரை நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்று சொன்னேன். என்ன கேட்பதற்காக ஆள் அனுப்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யச் சொன்னேன். மாலை மணி அடித்தபின் வாயிலருகே உள்ள திடலில் அரை மணி நேரம் விளையாட அனுமதி வேண்டும் என்பது அவர்கள் முடிவு. துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி ஒரு மண் பானையில் போட்டார்கள். 34 சீட்டுகள். ஒரு சிறுமிக்கு 15, இரண்டு சிறுவர்களுக்கு 11, 8. சிறுமி வென்றாள் என்று அறிவித்தேன். உடனே ஒருவன் எழுந்து, "டீச்சர், 19 பேர் அவளுக்குப் போடவில்லையே" என்றான். கணக்குப் பாடத்தில் அவன் அவ்வளவு விரைவாகக் கழித்ததில்லை. நம் மக்களவைத் தேர்தலிலும் அப்படித்தான். மற்றவர் ஒவ்வொருவரையும்விட மிகுதியாகப் பெற்றவர் வெல்கிறார், பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதி இல்லை என்றேன். "அப்படியானால் எனக்காக அவள் பேச வேண்டாம்" என்றான். இதற்கு நான் விடை சொல்லுமுன் அந்தச் சிறுமியே சொன்னாள்: "உனக்கும் சேர்த்துத்தான் கேட்கப் போகிறேன். விளையாட விட்டால் நீயும்தானே வருவாய்?"

அவள் தலைமையாசிரியரிடம் சென்றாள். நான் நினைத்திருந்தால் முன்கூட்டியே அவரிடம் பேசி ஓர் இசைவை வாங்கி வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று காட்டும் நாடகம் குழந்தைக்கு நஞ்சு என்பது என் எண்ணம். அவர் மறுத்துவிட்டார். வாயிலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் போகின்றன, பந்து உருண்டால் பின்னால் பிள்ளை ஓடும், ஆகவே முடியாது என்று சொல்லியனுப்பினார். அவள் வகுப்புக்குத் திரும்பி, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். வகுப்புக்குக் கோபம். "நீ சரியாகக் கேட்கவில்லை" என்றனர். அவள் கண் கலங்கிவிட்டது. அவள் சென்றாளா, கேட்டாளா, காரணத்தைக் கேட்டு வந்தாளா, மறைக்காமல் சொன்னாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆம் என்றே பதில் வந்தது. அப்படியானால் அவள் மீது என்ன குறை என்றேன். சற்று நேரம் அமைதி. பின்னர் அந்தக் கழித்தல் கணக்குச் சிறுவனே கேட்டான்: "டீச்சர், அந்த லாரிகளை யார் அனுப்புகிறார்கள்? அவர்களிடம் யாரை அனுப்பலாம்?"

நேயர்களே, அந்தக் கேள்வி வந்தபின் பாராளுமன்றத்தை நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அதுவே வகுப்புக்குள் வந்துவிட்டது.

தெருவிளக்கும் குப்பையும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. திருவொற்றியூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் பகுதி. அங்கே நம் ஆள் வார்டு கவுன்சிலர். பேருந்தும் காவல் நிலையமும் மாநில அரசுக்கு உரியவை. அங்கே நம் ஆள் திருவொற்றியூர்ச் சட்டமன்ற அங்கத்தினர். லாரியோ துறைமுகத்துக்குப் போகிறது. சென்னைத் துறைமுகம் பெருந்துறைமுகம்; அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி பெருந்துறைமுகங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ரயிலும் அப்படியே. விம்கோ நகரில் புறநகர் ரயில் நிற்கும் நிலையம் தில்லியைப் பார்த்தது. 2021 பிப்ரவரியில் வந்த மெட்ரோ, ஒன்றிய அரசும் மாநில அரசும் சரிபாதிப் பங்கு கொண்ட நிறுவனத்தின் வண்டி. கடலிலும் இந்தக் கோடு ஓடுகிறது. கரையோரக் கடலில் மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. எல்லைக் கடலைத் தாண்டினால் ஒன்றியத்தின் பொறுப்பு. இதைச் சொன்னபோது மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தண்ணீரில் கோடு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

பின்னர் வரைபடத்தை விரித்தேன். வட சென்னை மக்களவைத் தொகுதி, எண் 2. திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், இராயபுரம் என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது. 2019 இலும் 2024 இலும் இத்தொகுதி அனுப்பியவர் டாக்டர் கலாநிதி வீராசாமி. எண்ணூரில் கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தைத் தாண்டினால் அக்கரை பொன்னேரிச் சட்டமன்றத் தொகுதி. அது திருவள்ளூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. வட சென்னை என்று பெயர் கொண்ட அனல் மின் நிலையமும் காமராசர் துறைமுகமும் வட சென்னைத் தொகுதியில் இல்லை, அக்கரையில் இருக்கின்றன. புகைக்கும் எண்ணெய்க்கும் இந்தக் கோடு தெரியாது. 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் இரு தொகுதிகளின் கரைகளையும் கறுப்பாக்கியது. ஒரு ஊரின் துன்பத்துக்கு இரண்டு ஆட்களைக் கேட்க வேண்டியிருக்கும் என்பதையும், இருவரும் உட்காரும் இடம் ஒன்றாக இருப்பது அதனாலேயே நல்லது என்பதையும் குழந்தைகள் அந்த வரைபடத்தில் கண்டார்கள்.

அந்த இடத்தில் நம்மவர் என்ன செய்கிறார்? அவை கூடும் நாளில் முதல் ஒரு மணி நேரம், வழக்கமாகப் பதினொரு மணிக்கு, கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். அச்சாகும் இந்தக் கேள்விகளையும் பதில்களையும் யாரும் படிக்கலாம். துறைமுகம் பற்றிய ஒரு கேள்வியை எடுத்து வந்து, நடையை எளிதாக்கி வகுப்பில் வாசித்தேன். ஆட்சிக் கட்சியோ எதிர்க்கட்சியோ, கேட்கப்பட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்பது குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது. தலைமையாசிரியருக்கும் இப்படி ஒரு மணி நேரம் உண்டா என்று கேட்டார்கள். அவரிடம் இதை நான் சொல்லவில்லை.

நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்துச் செல்வேன். நம் நகரின் பெயரே அதனுள் இருக்கிறது. வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளும் கடைச் சொல்லின் சுருக்கமும் சேர்ந்ததே விம்கோ. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் ஒன்று இங்கே வந்து ஆலை வைத்தது ஏன்? 1922 இல் இந்திய அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டிகளுக்குக் குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி விதித்தது. கடல் கடந்து கொண்டுவருவதைவிட இங்கேயே செய்வது மலிவாயிற்று. 1923 இல் கம்பெனி உருவாயிற்று. அதன் ஆலைகளுள் ஒன்று திருவொற்றியூரில் எழுந்தது. தில்லியில் விதித்த ஒரு வரியினால் கடற்கரையில் ஒரு தொழிலாளர் குடியிருப்பும், அதற்கு ஒரு பெயரும், பின்னர் ஒரு ரயில் நிலையமும் வந்தன. அன்று அந்த மத்திய சட்டசபைக்கு வாக்களித்தவர் சொத்தும் வரியும் உடைய சிலரே. ஆலைக்கு வந்து சேர்ந்த கூலியாளுக்கு அங்கே ஆள் கிடையாது. 1934 இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் ஆயத்தீர்வை வந்தது. அப்போதும் அவனைக் கேட்டவர் இல்லை.

1951–52 தேர்தலில்தான் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்கு வந்தது. சுமார் 17 கோடி வாக்காளர். வாக்குரிமை வயது 18 ஆனது 1989 இல். 1957 இல் வட சென்னை அனுப்பியவர் எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை, யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே வந்து, 1947 இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்தியவர். தீப்பெட்டிக்கு வரி விதித்த நாளில் வாசலில்கூட நிற்க முடியாத கூலியாளின் தலைவர், முப்பத்தைந்து ஆண்டுகளில் உள்ளேயே போய் அமர்ந்தார்.

அதே தீப்பெட்டியில் குழந்தைகளின் கதையும் உண்டு. தீக்குச்சி அடுக்கும் வேலையில் சின்னஞ்சிறு விரல்களைப் பூட்டிய காலம் தென் மாவட்டங்களில் நெடுநாள் இருந்தது. 1986 ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தைகளை அமர்த்தக் கூடாத தொழில்களின் வரிசையில் தீப்பெட்டித் தொழிலை வைத்தது. 2009 இல் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி தந்தது. பிள்ளையை அடிப்பதையும் தடுத்தது. இதை வாசித்தபோது வகுப்பு மொத்தமும் என் கையிலிருந்த அளவுகோலைப் பார்த்தது. 2016 இல் வந்த திருத்தம், குடும்பத் தொழில், கலை ஆகிய விலக்குகள் நீங்க, பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை எவ்வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. அந்தக் குடும்பத் தொழில் விலக்கு எனக்கு உவப்பில்லை. பல குழந்தைகள் அந்த வாசல் வழியாகவே வேலைக்குப் போகின்றனர். இதையும் குழந்தைகளிடம் சொன்னேன். பாராளுமன்றம் செய்தவையெல்லாம் நல்லவை என்று சொல்லிக்கொடுத்தால் கேள்வி நேரம் எதற்கு என்று அவர்கள் கேட்கமாட்டார்களா?

இராஜஸ்தானத்தில் திலோனியா இரவுப் பள்ளிகளின் பிள்ளைகள் தாங்களே தேர்தல் நடத்திக் குழந்தைகள் பாராளுமன்றம் வைத்திருக்கிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு சுமார் முப்பது குழந்தைகள் கூடும் பாராளுமன்றங்கள் தோன்றி, பிற பகுதிகளுக்கும் பரவின. மிக நல்ல முயற்சிகள். ஒரே ஒரு தயக்கம் எனக்கு உண்டு. பிரதமர், அமைச்சர் என்ற பட்டங்களைப் பிள்ளைகள் விரைவில் விரும்பிவிடுகிறார்கள். பின்வரிசையில் இருந்து கேள்வி கேட்பவருக்கும் ஒரு பெருமை இருக்க வேண்டும்.

மண் பானையைக் கண்ட என் சக ஆசிரியர் ஒருவர், "நம் சோழர் காலத்துக் குடவோலைதானே!" என்று மகிழ்ந்தார். உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, அந்த முறையை விரிவாகக் கூறுகின்றன. 35 வயதுக்கு மேல் 70க்குள், கால் வேலி நிலமும் சொந்த மனையும் மறைக் கல்வியும் உடையவர் பெயரை மட்டும் ஓலையில் எழுதினார்கள். பெண்களுக்கோ நிலமற்றோருக்கோ அதில் இடமில்லை. அது ஓர் அந்தணர் ஊரின் சபை. வாக்களிப்பும் அன்று, குலுக்கல். எல்லோருக்கும் வாக்கு என்பதை அங்கே தேடினால் கிடைக்காது. ஆனால் இரண்டு செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி ஓலையில் ஏறக்கூடாது என்பது ஒன்று. ஓலையைக் குடத்திலிருந்து எடுக்க வேண்டியவன், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் என்பது மற்றொன்று. "எழுத்துத் தெரியாதவனையா தேடினார்கள்?" என்று அவர்கள் வியந்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் தேர்தலில் குழந்தைக்குக் கொடுத்த வேலை அது.

தேர்தல் நாளில் எங்கள் பள்ளி வாக்குச் சாவடி ஆகும். 2024 ஏப்ரல் 19 அன்றும் ஆயிற்று. பள்ளி மீண்டும் திறந்தபோது, இயந்திரம் இருந்த மேசை யாருடையது என்று ஒரு பெரிய வழக்கு நடந்தது. "இந்த இடத்தில்தான் எங்கம்மா அவரை அனுப்பினாள்" என்று ஒருத்தி தன் பலகையைத் தட்டிக் காட்டினாள். கதவில் ஒட்டிய சாவடி எண் அப்படியே இருந்தது. ஆயா அதைச் சுரண்டத் தண்ணீர் கொண்டுவந்தபோது, வேண்டாம் என்று பிள்ளைகள் தடுத்துவிட்டார்கள். வெயிலில் மையெல்லாம் வெளுத்துத் தானாக உதிரும்வரை அந்தக் காகிதம் அங்கேயே இருந்தது.